போஸ்னிய முஸ்லிம்களும் ஒரு பெரிய எழுத்தும்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர். மூவரும் சரயேவோ நகரில், மார்க்கக் கல்வியில் தேர்ந்த ஒரு பெரியாரின் இல்லத்தில் வளர்ந்தவர்கள். மூவரும் முஸ்லிம்கள். ஆயினும் 'நீர் எவ்வினத்தவர்?' என்ற கேள்வி எழுந்தபோது ஒருவர் 'ஸெர்பியன்' என்றார். மற்றொருவர் 'குரோஷியன்' என்றார். மூன்றாமவரோ 'இரண்டும் அல்லேன், யூகோஸ்லாவியன்' என்றார். அந்த மூன்றாமவர்தாம் மெஹ்மத் ஸ்பாஹோ. 1919-இல் தோன்றிய யூகோஸ்லாவிய முஸ்லிம் அமைப்புக்குத் தலைமை ஏற்று, 1939-இல் மறையும்வரை போஸ்னிய முஸ்லிம்களின் அரசியலை நடத்தியவர் அவர். உடன்பிறந்தோருள் ஒருவரான ஃபஹீம் ஸ்பாஹோ, அந்நாட்டு உலமாக்களின் தலைமைப் பதவியாகிய 'ரயீஸுல் உலமா' பீடத்தை அலங்கரித்தவர்.

கேட்போர்க்கு வியப்பும் ஓரளவு நகைப்பும் தோன்றக்கூடும். ஒரு வீட்டுக்குள் மூன்று இனமா? ஆனால் அம்மூவருள் எவரும் பொய்யுரைத்தவர் அல்லர். அவர்களுக்குப் பொருந்தும் விடைக்கு அன்றைய அரசாங்கத்தின் ஏட்டில் இடமில்லாமற் போயிற்று, அவ்வளவுதான். முஸ்லிம் என்று சொன்னால் 'அது உம்முடைய சமயம். உம்முடைய இனத்தைச் சொல்லும்' என்று மறுகேள்வி வரும். ஒரு மனிதனை அவனாக ஆக்குவதில் அவனது ஈமானுக்கு, அல்லது ஈமான் இல்லாமைக்கு, எவ்வளவு பங்குண்டு என்பதை அறிஞர் பலர் நூல்களில் ஆராய்ந்துள்ளனர். அதே கேள்விக்கு ஒரு முழுச் சமுதாயமும் அரசாங்கக் கணக்கெடுப்பாளர் முன்னே நின்று, தலைமுறை தலைமுறையாக விடை கூற நேர்ந்த நாடு போஸ்னியா. அதனாலேயே அவர்களின் வரலாறு ஊன்றிப் படிக்கத் தக்கது.

கி.பி. 1463-இல் உதுமானியத் துருக்கியர் போஸ்னியாவை வென்றனர். அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் அந்நாட்டு மக்களுள் பெரும்பகுதியினர் இஸ்லாத்தைத் தழுவினர். இவர்கள் துருக்கியிலிருந்து குடியேறியவர்கள் என்று எண்ணுவது பிழை. முஸ்லிமும், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும், கத்தோலிக்கரும் ஒரே ஸ்லாவிய மக்கள். ஒரே மொழியைப் பேசுவோர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் வடித்து அரபுத் தமிழ் வளர்த்தது போன்றே, போஸ்னிய முஸ்லிம்களும் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். 'அரெபிட்ஸா' என்பது அவ்வெழுத்து முறையின் பெயர். 1631-ஆம் ஆண்டிலேயே முஹம்மத் ஹெவாயி உஸ்குஃபி என்னும் புலவர், போஸ்னியச் சொற்களுக்குத் துருக்கி மொழியில் பொருள் கூறும் அகராதி ஒன்றைச் செய்யுள் வடிவில் யாத்தார். துருக்கியைக் கற்ற முஸ்லிம்கள் தாய்மொழியைத் துறந்துவிடவில்லை என்பதற்கு அஃதொரு சான்று.

உதுமானியர் ஆட்சியில் மக்கள் சமய வாரியாகவே பிரித்து ஆளப்பட்டனர். வரியும் வழக்கும் திருமணமும் அவரவர் சமயத்தின் வழியே நடந்தன. எனவே 'நீ யார்?' என்றால் சமயத்தைச் சொல்வதே இயல்பாயிருந்தது. 1878-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு போஸ்னியாவைத் தன் ஆளுகைக்குள் கொணர்ந்தபோது காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. அண்டை நாடுகளிலிருந்து தேசிய இனம் என்னும் எண்ணம் பரவியது. ஆர்த்தடாக்ஸ் பள்ளி ஆசிரியர் தம் மாணவரை 'நீங்கள் ஸெர்பியர்' என்றார். கத்தோலிக்கப் பாதிரியார் தம் மக்களை 'நீங்கள் குரோஷியர்' என்றார். ஆளுகையை நடத்திய காலாய் என்பவர், மும்மதத்தார்க்கும் 'போஸ்னியாக்' என்ற ஒரே பெயரைச் சூட்டப் பெரிதும் முயன்றார். மேலிருந்து ஆணையால் வந்த பெயர் மக்கள் நெஞ்சில் ஒட்டவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஸெர்பியர், குரோஷியர் என்னும் இரு தேசிய இனங்களும் போஸ்னியாவைப் பொறுத்தவரை சமயத்தின் வழியே பிறந்தவையே. மொழி ஒன்று, மண் ஒன்று, தோற்றம் ஒன்று. வேறுபாடு தேவாலயத்தில் மட்டுமே இருந்தது. ஆயினும் அவ்விரு சாராரின் இனப்பெயர் சமயப்பெயரிலிருந்து வேறாக இருந்தமையால் சமயம் அதனுள் மறைந்து நின்றது. தேவாலயத்தின் வாயிற்படியையே மிதியாத ஸெர்பியன் ஒருவன் நாத்திகம் பேசினாலும் ஸெர்பியனாகவே இருந்தான். அவனை எவரும் ஏன் என்று கேட்கவில்லை. தொழாத முஸ்லிமுக்கோ, முஸ்லிம் என்ற பெயரை எடுத்துவிட்டால் பெயரே இல்லை. அண்டை வீட்டார் இருவரும் சமயத்தால் இனமானவர்கள்; விளக்கம் கூறும் கடமை மட்டும் நடுவில் இருந்தவன் தலையில் விழுந்தது!

1918-இல் அமைந்த மன்னராட்சியிலும் இக்குழப்பம் தீரவில்லை. ஸ்பாஹோ சகோதரர்களின் கதை அக்காலத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மார்ஷல் டிட்டோவின் தலைமையில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியமைத்தனர். புதிய அரசின் சின்னத்தில் ஐந்து தீப்பந்தங்கள் எரிந்தன. ஸெர்பியர், குரோஷியர், ஸ்லொவேனியர், மாசிடோனியர், மாண்டிநீக்ரோவினர் என ஐந்து இனங்களுக்கு ஐந்து பந்தங்கள். முஸ்லிம்களுக்கெனத் தீப்பந்தம் இல்லை. அவர்கள் சமயக் குழுவினர் மட்டுமே, கல்வி பரவப் பரவத் தம்மை ஸெர்பியராகவோ குரோஷியராகவோ உணர்ந்துகொள்வர் என்பது கட்சியினரின் கணக்கு.

மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளே அக்கணக்கைப் பொய்யாக்கின. 1948-ஆம் ஆண்டுப் படிவம் முஸ்லிம்களுக்கு மூன்று வழிகளைத் திறந்துவிட்டது: ஸெர்பிய முஸ்லிம், குரோஷிய முஸ்லிம், அல்லது 'இனம் தீர்மானிக்கப்படாத முஸ்லிம்'. போஸ்னியாவில் முதல் வழியைத் தேர்ந்தோர் ஏறத்தாழ 72 ஆயிரம். இரண்டாவதைத் தேர்ந்தோர் 25 ஆயிரம். மூன்றாவதைத் தேர்ந்தோரோ ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர். 'நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை' என்று ஒரு சமுதாயமே எழுதிக் கொடுத்ததை என்னென்பது! அதுவே அவர்களின் தீர்மானம் என்பது ஆள்வோர்க்குப் புரிய மேலும் இருபதாண்டுகள் ஆயின. 1953-இல் முஸ்லிம் என்ற சொல்லே படிவத்திலிருந்து நீங்கிற்று. 'யூகோஸ்லாவியர், இனம் தீர்மானிக்கப்படாதவர்' என்ற கட்டத்தில் போஸ்னியாவில் மட்டும் எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 1961-இல் 'இனவழி முஸ்லிம்' என்று ஒரு கட்டம் வந்தது. அதில் 8 லட்சத்து 42 ஆயிரம் பேர். அப்போதும் யூகோஸ்லாவியர் என்றே எழுதிக்கொண்ட இரண்டே முக்கால் லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தினரே.

இதே ஆண்டுகளில் மார்க்கத்தின் நிலை யாது? 1946-இல் ஷரீஅத் நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. 1950-இல் முகத்திரை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1952-இல் சிறுவர் குர்ஆன் ஓதப் பயிலும் மக்தபுகள் மூடப்பட்டன. தரீக்காக்களின் தக்கியாக்களும் பூட்டப்பட்டன. சரயேவோவின் காஸி ஹுஸ்ரவ் பேக் மதரஸா போன்று விரல்விட்டு எண்ணத்தக்க நிலையங்களே எஞ்சின. பிள்ளைகள் பெயரில் மெஹ்மத், ஃபாத்திமா என்று இருந்தார்கள். தொழுகையில் பலர் இல்லை. பெருநாளன்று வீட்டில் இனிப்புச் செய்தார்கள், பள்ளிவாசலுக்குச் செல்லவில்லை. நம்பிக்கை சுருங்கச் சுருங்க, பெயர் மட்டும் விரிந்துகொண்டே வந்தது என்பதுதான் விந்தை.

1968-இல் போஸ்னியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் குழு, முஸ்லிம்கள் தனித் தேசிய இனத்தவர் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. தீர்மானத்துக்காகப் பாடுபட்டோர் பள்ளிவாசல் இமாம்கள் அல்லர்; கட்சி உறுப்பினர்களும் பல்கலைக்கழக அறிஞர்களும். அதிஃப் புரிவத்ரா என்ற கட்சி அறிஞர் இதனை ஆதரித்து நூலெழுதினார். பெல்கிரேடில் எழுத்தாளர் தொப்ரிட்ஸா சோசிச் முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். கம்யூனிஸ்டு அரசு சமயத்தின் பெயரால் ஓர் இனத்தைப் படைப்பதா என்பது அவர்களது வாதம். வாதத்தில் நியாயமே இல்லையென்று கூறிவிட முடியாது. ஆனால் தம்முடைய ஸெர்பிய இனம் போஸ்னியாவில் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

அரசுக்கு வேறொரு தேவையும் இருந்திருக்கலாம். 1961-இல் அணிசேரா நாடுகளின் முதல் மாநாட்டைப் பெல்கிரேடில் கூட்டியவர் டிட்டோ. எகிப்தும் இந்தோனேசியாவும் அவருக்கு நெருங்கிய நட்பு நாடுகள். அரபு நாடுகளுக்கு முஸ்லிம் பெயர் தாங்கிய தூதர்களை அனுப்பி வைப்பது அவருக்கு வசதியாக இருந்தது. 1971-இல் போஸ்னிய முஸ்லிம் ஒருவரே, ஜெமால் பியெதிச் என்பவர், யூகோஸ்லாவியப் பிரதமரானார். அவர் கம்யூனிஸ்டு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அவர்களது மொழியில் இன்னுமொரு நுட்பம் உண்டு. இனப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவர். சமயத்தாரின் பெயர்களைச் சிறிய எழுத்தில் தொடங்குவர். எனவே பெரிய எழுத்தில் தொடங்கும் முஸ்லிம் என்றால் இனத்தால் முஸ்லிம். சிறிய எழுத்தில் தொடங்கினால் மார்க்கத்தால் முஸ்லிம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. இந்தத் தொல்லையிலிருந்து நம்மை நம் நெடுங்கணக்கே காப்பாற்றியிருக்கிறது! அங்கோ பெரிய எழுத்தே ஒரு சமுதாயத்தின் தலையெழுத்தாயிற்று. கடவுளை மறுக்கும் கட்சிச் செயலாளர் பெரிய எழுத்து முஸ்லிம். ஐவேளை தொழும் கொசோவோ அல்பேனியரோ சிறிய எழுத்து முஸ்லிம் மட்டுமே, இனத்தால் அல்பேனியர். இருவரும் தெருவில் சந்தித்தால் யார் முஸ்லிம் என்ற கேள்விக்கு, கேட்பவர் எந்த எழுத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறார் என்று பார்த்தே விடை சொல்ல வேண்டும். 1971 கணக்கெடுப்பில் 14 லட்சத்து 82 ஆயிரம் பேர் பெரிய எழுத்தில் பதிவாயினர். போஸ்னிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதுபேர்.

இதனால் மகிழ்ந்தோர் இருந்தனர். நெடுநாள் பெயரின்றி அலைந்தோர்க்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் கலிமாவைச் சொல்லி ஏற்கும் ஒன்றைப் பிறப்பால் வாய்க்கும் ஒன்றாக மாற்றுவது மார்க்கத்தையே சிறுமைப்படுத்துவதன்றோ? நம்பாதவனுக்கும் இது சங்கடமே; நம்பாத ஒன்றின் பெயரை வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டியவனாகிறான். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. எனினும் அரசாங்கம் அவர்களை இவ்விருவருள் ஒருவராகத்தான் பார்த்ததேயன்றி, அவர்கள் வீட்டில் ஒன்றாகவே உண்டு உறங்கினர் என்பதைப் பார்க்கவில்லை.

தனி மனிதர் தம் விருப்பப்படி வேறு வழியில் சென்றதும் உண்டு. மெஷா செலிமோவிச் துஸ்லா நகரில் முஸ்லிம் குடும்பத்தில் 1910-இல் பிறந்தவர். 1966-இல் அவர் எழுதிய 'தர்வேஷும் மரணமும்' என்னும் நாவல் அம்மொழியின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. கதை சொல்பவர் ஒரு மவ்லவிய்யா தரீக்காவின் ஷைகு. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் திருக்குர்ஆன் வசனம் ஒன்று நிற்கும். இத்தகைய நூலை எழுதியவர் 1976-இல் ஸெர்பிய அறிவியல் கலைக் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், தாம் போஸ்னிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், இனத்தால் ஸெர்பியர், தம் இலக்கியமும் ஸெர்பிய இலக்கியத்தைச் சேர்ந்தது என்று அறிவித்தார். இன்றளவும் இதைக் குறித்துக் குறைகூறுவோர் உண்டு. என்னளவில், அவர் தம்மை என்னவாகக் கருதினாரோ அதுவாக இருக்க அவருக்கு உரிமை இருந்தது என்றே கொள்கிறேன். ஆயினும் அந்நூலின் உயிர்மூச்சு எந்தத் தக்கியாவிலிருந்து வந்தது என்பதை எந்தக் கடிதமும் மாற்றிவிட முடியாது.

பெரிய எழுத்து முஸ்லிம்களை அங்கீகரித்த அதே அரசு, சிறிய எழுத்து முஸ்லிம்களை ஐயத்தோடு நோக்கியது. 1970-இல் 'இஸ்லாமியப் பிரகடனம்' என்ற சிறுநூலை எழுதிய அலியா இஸ்ஸத்பெகோவிச் உள்ளிட்ட பதின்மூவர்மீது 1983-இல் சரயேவோவில் வழக்குத் தொடரப்பட்டது. அவருக்குப் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, 1988-இல் விடுதலையானார். முஸ்லிம் என்ற பெயர் அரசியல் சட்டத்தில் இருக்கலாம், முஸ்லிமின் சிந்தனை அச்சில் வரலாகாது என்பது அன்றைய நிலை.

1992-இல் போர் வந்தது. வந்த நாள்முதல் இத்தனை நுட்பங்களும் பொருளற்றுப் போயின. பிரியெதோர் நகரில் ஸெர்பியரும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வாழ்ந்து வந்தனர். 1992 ஏப்ரல் மாத இறுதியில் அந்நகரைக் கைப்பற்றிய ஸெர்பிய அதிகாரிகள், ஸெர்பியரல்லாதார் தம் வீடுகளில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டுமென்றும், வெளியே வரும்போது கையில் வெள்ளைப்பட்டை கட்ட வேண்டுமென்றும் ஆணையிட்டனர். அதன்பின் ஒமார்ஸ்கா முதலிய முகாம்கள். அங்கே இழுத்துச் செல்லப்பட்டோரில் நீதிபதிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் இருந்தனர். நோன்பு நோற்றவரும் நோற்காதவரும் இருந்தனர். சோதனைச் சாவடியில் நின்ற துப்பாக்கிக்காரன் பெயரைக் கேட்டான். தந்தை பெயரைக் கேட்டான். நீ கடைசியாக எப்போது ஸஜ்தா செய்தாய் என்று கேட்கவில்லை.

சரயேவோவின் கீழ்த்திசைக் கல்விக் கழகம் 1992 மே 17-ஆம் நாள் குண்டு வீச்சில் எரிந்தது. அரபி, துருக்கி, பாரசீகம், அரெபிட்ஸா எழுத்தில் அமைந்த போஸ்னியம் ஆகியவற்றில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள் அதனோடு சாம்பலாயின. பன்யா லூக்காவில் 1579-இல் எழுப்பப்பட்ட ஃபர்ஹாதியா பள்ளிவாசல் 1993 மே 7-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மீண்டும் கட்டப்பெற்று 2016-இல் அதே நாளில் திறக்கப்பட்டது.

பிறர் சூட்டும் பெயரை ஏற்க மறுத்தவர்களும் அப்போரில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றி கொன்றதாகும். ஜோவான் திவ்யாக் பெல்கிரேடில் பிறந்த ஸெர்பியர். முற்றுகையிடப்பட்ட சரயேவோவைக் காத்து நின்ற போஸ்னியப் படையில் துணைத் தளபதியாக இருந்தவர். வெளியிலிருந்து குண்டு பொழிந்தவர்கள் அவரைத் துரோகி என்றனர். உள்ளேயும் சிலர் அவரை முழுதாக நம்பவில்லை. போருக்குப்பின் அநாதைப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்து, 2021-இல் அதே நகரில் கண்மூடினார்.

முற்றுகையின் நடுவே, 1993 செப்டம்பரில், சரயேவோவில் கூடிய சமுதாயப் பேரவை இனப்பெயரை மாற்றிக்கொள்வதென முடிவு செய்தது. முஸ்லிம் என்பது மார்க்கத்தாரின் பெயராக மட்டும் நிற்கட்டும், இனத்தின் பெயர் 'போஸ்னியாக்' ஆகட்டும் என்பது முடிவு. அன்று காலாய் சூட்ட முனைந்து தோற்ற அதே சொல், குண்டு மழைக்கிடையே அவர்களே விரும்பிச் சூட்டிக்கொண்டதாயிற்று. ஆனால் இம்முறை மும்மதத்தார்க்கும் பொதுவாக அன்றி, ஒரு சாரார்க்கு மட்டும்.

1995 இறுதியில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உருவான உடன்படிக்கை போரை நிறுத்தியது. அதனோடு இணைந்த அரசியல் சட்டம் நாட்டுத் தலைமையை மூன்றாகப் பகுத்தது: ஒரு போஸ்னியாக், ஒரு குரோஷியர், ஒரு ஸெர்பியர். இம்மூன்றில் அடங்காதோர் 'மற்றையோர்'. ரோமா இனத்தவரான தெர்வோ ஸெய்திச், யூதரான யாகோப் ஃபின்ட்ஸி ஆகிய இருவரும் தாங்கள் ஏன் அப்பதவிக்குப் போட்டியிடலாகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்காடி 2009 டிசம்பரில் வென்றனர். தீர்ப்பு வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்படவில்லை. பெயரின்றி அலைந்ததன் துன்பத்தை நன்கறிந்த சமுதாயமும் பங்கேற்று ஆளும் நாட்டில் இந்நிலை நீடிப்பது வருந்தத் தக்கது.

போருக்குப்பின் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2013-இல் நடந்தது. இனம், மொழி, சமயம் என மூன்று கேள்விகள் தனித்தனியே கேட்கப்பட்டன. மொத்தம் 35 லட்சத்து 31 ஆயிரம் பேரில் போஸ்னியாக் என்றோர் நூற்றுக்கு 50.1, இஸ்லாம் என்றோர் 50.7. ஸெர்பியர் 30.8, ஆர்த்தடாக்ஸ் 30.75. இரு தராசும் ஒன்றுபோல நிற்பதைக் காண்க. இனமும் சமயமும் வேறு வேறு என்று பெயர் மாற்றிக்கொண்ட பின்னும் எண்கள் பிரிய மறுக்கின்றன. சமய நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகப் பதிந்துகொண்ட நாத்திகர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். அந்த 50.7-இல் உள்ளத்தால் நம்புவோர் எத்தனை பேர், குடும்பப் பெயரின்பொருட்டு எழுதியோர் எத்தனை பேர், போரில் மாண்ட தந்தையை எண்ணி எழுதியோர் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே அறிவான். அவ்வாறு எழுதியவருள் எவரையும் நயவஞ்சகர் என்று கூற என் நா எழவில்லை.

ஸ்ரெப்ரெனிட்ஸா நகருக்கு அருகே பொத்தொச்சாரி என்னும் ஊரில் ஒரு மையவாடி உண்டு. 1995 ஜூலையில் சில நாள்களுக்குள் கொல்லப்பட்ட எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிலும் சிறுவர்களிலும், எலும்புகளைக்கொண்டு அடையாளம் காணப்பட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். ஆண்டுதோறும் ஜூலை 11-ஆம் நாள், அவ்வாண்டில் அடையாளம் தெரிந்தோரின் தாபூத்துகளைப் பச்சைத் துணி போர்த்தி வரிசையாக வைத்து ஜனாஸாத் தொழுகை நடத்துகின்றனர். அவர்களும் 'ஜெனாஸா' என்றே சொல்கின்றனர். கபுறுகளின் தலைமாட்டில் ஒரே வடிவான வெண்கற்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. 2010-இல் அம்மையவாடியில் கத்தோலிக்கர் ஒருவரையும் அடக்கம் செய்தனர். தம் முஸ்லிம் அண்டை அயலாரோடு அகப்பட்டு, அவர்களோடு கொல்லப்பட்டவர் அவர். அவ்வெண்கற்களுக்கு நடுவே அவர் தலைமாட்டில் ஒரு சிலுவை நிற்கிறது.